கரடி வாங்கிய மூன்று வாட் பெட்டி

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. குடியிருப்போர் சங்கம்தான் இருந்தது. அதற்குத் தலைவி திரிபுரசுந்தரி என்ற யானை. அந்தக் காட்டின் ஆற்றோரக் குகையில் குணபூஷணம் என்ற கரடி வசித்தது.

குணபூஷணம் கிடார் வாசிக்கும். வாசிப்பதாகக் கரடி சொல்லும்; கேட்டவர்கள் அதற்கு வேறு வார்த்தைகள் வைத்திருந்தார்கள். அது கிடாரைக் கையில் எடுத்த கோடையில், குகைக்கு மேலிருந்த தேனீக்கள் ராணியையும் கூட்டிக்கொண்டு காலி செய்துவிட்டுப் போயின. கரடிக்குத் தேன் போயிற்று. "கலைன்னா நாலு கஷ்டம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாக மீட்டியது.

இந்த நிலையில்தான் அது ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போவதாகச் செய்தி வந்தது. யானைக் குட்டிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அந்தக் காதைக் குத்தி முடிக்க ஒரு பகல் பிடிக்கும். அந்தப் பகல் முழுக்க வாசிக்கத் தானே வருவதாகக் கரடி ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது.

திரிபுரசுந்தரி, கரடியின் நெருங்கிய சிநேகிதியான முள்ளம்பன்றி பூங்காவனத்தைக் கூப்பிட்டனுப்பியது.

"நீயே சொல்லிடேன்டி, அவனுக்கு வாசிக்க வரலேன்னு."

"நீங்க சொல்லுங்களேம்மா."

"எனக்கு மனசு வரலை. தினம் குளிச்சிட்டு வந்து உக்காந்து வாசிக்கிறான்."

பூங்காவனத்துக்கும் மனசு வரவில்லை. உடம்பு முழுக்க முள் இருந்தும் யாரையும் குத்தத் தெரியாத பிறவி அது. "கடைக்கு நான் கூடப் போறேன். பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னது.

காட்டு எல்லையில் ஒரு மரப் பொந்தில் மரநாய் எத்திராஜ் இசைக்கருவிக் கடை வைத்திருந்தது.

"கச்சேரிக்கா சார், சிநேகிதங்களோட சேர்ந்து வாசிக்கவா, இல்ல ரெக்கார்டிங்கா?"

"மூணுக்கும்" என்றது கரடி.

"மூணுக்கும் ஒண்ணுன்னா ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். முதல்ல இதைப் பாருங்க. அறுபது வாட். பேட்டரி ஆறு மணி நேரம் நிக்கும். மைக் மாட்டவும் இடம் இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்."

பூங்காவனத்தின் முட்கள் சிலிர்த்து நின்றன. "ரொம்பக் கனம் அண்ணே, தூக்கிட்டு அலைய முடியாது."

"நான் கரடி, பூங்காவனம்."

"அது சரி. ஆறு மணி நேரந்தான் நிக்குமாமே? உங்க வாசிப்புக்கு அது எந்த மூலைக்கு?"

கரடிக்கு அது நியாயமாகப் பட்டது. எத்திராஜ் அடுத்ததை எடுத்தது. அதில் பட்டனை அழுத்தினால் தாளமும் கூடவே வரும்.

"வேண்டாம் அண்ணே. நீங்க பாட்டுக்கு வாசிப்பீங்க, பேரைத் தாளம் தட்டிட்டுப் போயிடும்."

"அதுவும் சரிதான்."

அப்போது மூலையில் தேங்காய் அளவில் இருந்த ஒரு பெட்டி பூங்காவனத்தின் கண்ணில் பட்டது.

"அது மூணு வாட்தான் மேடம்" என்றது எத்திராஜ். "வீட்டுக்குள்ள வாசிக்கிறதுக்கு. ஃபோன்ல நேரா ரெக்கார்ட் பண்ணலாம், சுருதி சேர்க்க மீட்டர் இருக்கு. ஹெட்ஃபோன் போட்டுட்டா வெளியில சத்தமே வராது."

"சத்தமே வராதா?" என்று கேட்டது பூங்காவனம், பரீட்சையில் பாஸாகிவிட்ட குரலில்.

"பொட்டுச் சத்தம் வராது."

"அப்போ கச்சேரிக்கு?" என்றது கரடி.

பூங்காவனம் தன் வாழ்க்கையின் முதல் பெரிய பொய்யைச் சொன்னது. "வெளியூர்ல இப்பல்லாம் இப்படித்தான் அண்ணே. கேக்கறவங்க எல்லாருக்கும் வயரில்லாத ஹெட்ஃபோன் கொடுத்துடறாங்க. வாசிப்பு நேரா காதுக்குள்ள போகும். உங்க வாசிப்பு காத்துல வீணாகலாமா?"

கரடிக்குக் கண் கலங்கியது. காடு முழுக்க ஹெட்ஃபோன் விற்கலாம் என்று புரிந்துகொண்ட எத்திராஜ், "மேடம் சொல்றது நூத்துக்கு நூறு" என்றது.

அன்றிலிருந்து காட்டில் அமைதி வந்தது. தேனீக்கள் திரும்பி வந்தன. மாலையில் நண்பர்கள் குகையில் கூடுவார்கள். ஹெட்ஃபோனை மாட்டி, அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, தலையாட்டுவார்கள். கரடி ஏழு நிமிடப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பினால், அரை நிமிடத்தில் காடு முழுவதிலிருந்தும் இதயப் படங்கள் வந்து குவியும். "நெஞ்சு உருகிடுச்சு" என்று யானை எழுதும். ஒரு முறை பாட்டு போய்ச் சேருவதற்கு முன்பே யானையின் நெஞ்சு உருகிவிட்டது.

ஆனால் ஒருவர் மட்டும் அந்தப் பதிவுகளை முழுசாகக் கேட்டார். அது கரடியேதான். தன் வாசிப்பை அது வெளியிலிருந்து கேட்டது அதுவே முதல் தடவை. யாரோ கூரைத் தகரத்தைப் பிடுங்குவதுபோல இருந்தது. இதற்கா இவர்கள் உருகுகிறார்கள்? எவ்வளவு நல்ல மனசு! இந்த மனசுக்காகவாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது.

மீட்டரைப் பார்த்துச் சுருதி சேர்த்தது. தப்பான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. விரல்கள் காய்த்துப் போயின. மழைக்காலம் முடிந்தபோது குணபூஷணம் நிஜமாகவே வாசித்தது. அந்தப் பதிவை அதுவே இன்னொரு தடவை போட்டுக் கேட்டது.

காதுகுத்து நாள் வந்தது. ஆலமரத்தடியில் எல்லோரும் ஹெட்ஃபோன் மாட்டி, சுவிட்சை அணைத்து, வசதியாக உட்கார்ந்தார்கள். மான் ஒன்று கண்மூடி ரசித்தது, அதாவது தூங்கியது. யானை தாளம் போட்டபடி பந்தியில் இலை போதுமா என்று யோசித்தது.

கரடி அந்தக் கூட்டத்தைப் பார்த்தது. தகரத்தைக் கேட்டுப் பாராட்டியவர்கள், இன்று இதையும் எல்லோருமாகச் சேர்ந்து கேட்கட்டும் என்று நினைத்தது. பெட்டியை ஸ்பீக்கருக்கு மாற்றியது.

அந்த அமைதிக்கு மூன்று வாட் தாராளம். இசை மெல்ல எழுந்து மரத்தடி முழுக்கப் பரவியது. பூங்காவனத்தின் முட்கள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தளர்ந்து படிந்தன.

மற்றவர்கள் திடுக்கிட்டார்கள். சிலர் பழக்கத்தில் காதைப் பொத்தினார்கள். மான் விழித்துக்கொண்டு, "இது அவர் வாசிப்பே இல்லையே!" என்று கத்தியது.

யானை தொண்டையைச் செருமியது. "நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா உன்னோட பழைய ஆழம் இதுல இல்லை."

"ஆமாமா, அந்தப் பழைய நிதானம் போச்சு" என்று கூட்டம் ஒத்துக்கொண்டது. "ஆளே மாறிட்டாரு."

கரடியின் விரல்கள் நின்றன. அது பூங்காவனத்தைப் பார்த்தது. கூட்டமும் பார்த்தது. இன்றைய வாசிப்புதான் நல்ல வாசிப்பு என்ற உண்மையைப் பூங்காவனம் சொன்னால், இத்தனை மாதமாக ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"பழையபடியே வாசிங்க அண்ணே" என்றது பூங்காவனம்.

கரடி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பழையபடி ஹெட்ஃபோன்களுக்கு வாசித்து முடித்தது. கைதட்டல் காட்டைப் பிளந்தது. சங்கத்தின் சார்பில் 'நாதப் பேரொளி' பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பூங்காவனம் தலை குனிந்தபடி குகைக்குப் போனது.

"அண்ணே, நேத்து ஸ்பீக்கர்ல வாசிச்சீங்களே, அது அவ்வளவு நல்லா இருந்தது. சத்தியமா."

கரடி அன்போடு சிரித்தது. "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே. நீ பொய்யே சொல்லத் தெரியாதவ, பூங்காவனம். உனக்கு இது வராது." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது. "எத்திராஜ் கடைக்கு ஸ்பீக்கரே இல்லாத பெட்டி வந்திருக்காம். நீயும் வா. நீ பாத்து எடுத்தாத்தான் சரியா இருக்கும்."

நீதி: எல்லோரும் உங்கள் வாசிப்பைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது, அதை அவர்கள் கேட்கும்படி செய்து காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.