உப்புச் சாக்குத் திரை

என் கைவேலை பிழைத்தால் நான் ஒப்புக்கொள்கிறவன். ஆனால் அந்தத் திரை விஷயத்தில் பிழை என் பக்கம் இல்லை, மாடுகளின் பக்கம். முப்பது வருஷமாக இதைச் சொல்லிவருகிறேன். வீட்டில் ஒருத்தரும் கேட்பதாயில்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கண்டாவளைப் பக்கம் எனக்குக் குடியேற்றக் காணி கிடைத்தது. வீடு எழும்பவில்லை. பெரியப்பா ஓட்டிக் கழித்த பழைய பஸ்ஸைத் தந்தார். சீற்றுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் ஏற்றி, சாவகச்சேரியிலிருந்து நானே ஓட்டிவந்து காணியில் நிறுத்தினேன். கலியாணம் முடிந்து இரண்டு மாதம். மனைவி ஈஸ்வரியும் நானும் அதற்குள்தான் குடித்தனம்.

பஸ்ஸுக்குப் பன்னிரண்டு யன்னல். ஒன்றிலும் கண்ணாடி இல்லை. பக்கத்திலேயே பொதுக் கிணறு. தண்ணீர் அள்ள வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் குடும்பம் இலவசப் படம். விஷயம் மாமனார் காதுக்கு எட்டி, கடிதம் வந்தது: "சனிக்கிழமை வாறன். பிள்ளை இருக்கத்தக்க மறைப்பு இல்லையெண்டால் கூட்டிக்கொண்டு போயிடுவன்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தென்னோலைக் கிடுகு கட்டலாம், அடுப்புப் பொறி பறந்தால்? சேலை கட்டலாம், விளக்கேற்றினால் நிழல் தெரியுமே? (எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். யோசனைக்கு மட்டும் குறைவில்லை.) கடைசியில் ஆனையிறவு உப்பு வந்த வெறுஞ்சாக்குகளைக் கடையில் கேட்டு வாங்கிப் பிரித்தேன். காற்றுக்கு எழும்பாமல் விறைப்பாக நிற்கச் சோற்றுக் கஞ்சி போட்டேன். கம்பி கோத்து, யன்னல்களுக்கு வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டேன். உள்ளே கயிற்றை இழுத்தால் சுருளும், விட்டால் இறங்கும்.

"சாக்கைக் கழுவினீங்களோ?" என்றாள் ஈஸ்வரி.

"கழுவினா இழை தளரும். தளர்ந்தா ஓட்டை விழும். ஓட்டையால பாப்பினம்."

"உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது."

சனிக்கிழமை பின்னேரம் மாமா வந்தார். பஸ்ஸைச் சுற்றி நடந்து, சாக்கை விரலால் சுண்டிப் பார்த்தார். பலகை போலச் சத்தம் வந்தது.

"மறைப்பெண்டா இதுதான் தம்பி மறைப்பு!"

போன உயிர் திரும்பி வந்தது. "வேர்த்துப்போச்சு, வேட்டி மாத்திப்போட்டு வாறன்" என்று மாமா உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேயப் போன பட்டி மாடுகள் திரும்பின. முன்னால் வந்த சிவப்புப் பசு நின்று, சாக்கை ஒருதரம் நக்கியது. அவ்வளவுதான். உப்பும் கஞ்சியும் ஒரே இடத்தில் கிடைக்கிற சேதி எப்படிப் பரவியதோ, முப்பது மாடும் பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டன. நக்கின, சப்பின, இழுத்தன. நான் கத்திக்கொண்டு ஓடித் திரிந்தேன். ஒன்றாவது என்னை மதிக்கவேண்டுமே! ஒரு பக்கத்து ஆறு திரையும் கம்பியோடு விழுந்தன. அது கிணற்றுப் பக்கம்.

கிணற்றடியில் எட்டுப் பெண்கள். பஸ்ஸுக்குள் மாமா, கோவணத்தோடு. கழற்றிய வேட்டியால் மறைக்கப் பார்த்தார். அதில் வேர்வை, வேர்வையில் உப்பு. சிவப்புப் பசு யன்னலுக்குள் தலையை விட்டு அதையும் பிடித்துக்கொண்டது. இவர் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்க...

பக்கத்துக் காணிப் பொன்னம்மாக்கா வாளியைக் கீழே வைத்தார். "தம்பி, மாட்டுக்கு உப்புக் கஞ்சி தொட்டியிலயெல்லோ வைக்கிறது! மாமாவை ஏன் நடுவில வைச்சனீர்?"

நான் கேட்கிறேன், நக்குவதற்குக் கண்டாவளையில் வேறு இடமே இல்லையா?

மாமா புது வேட்டியோடு இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளை, சாமானைக் கட்டு. வெளிக்கிடு."

மிதிபலகையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்த ஈஸ்வரி கண்ணைத் துடைத்தாள்.

"வாறன் அப்பா. ஆனா ஏன் திரும்பி வந்தனி எண்டு ஊரில கேப்பினமெல்லோ? நடந்ததைத்தானே நான் சொல்லவேணும்?"

மாமா குடையை எடுத்துக்கொண்டு தனியாகவே போய்விட்டார். அடுத்த கிழமை அவர் அனுப்பிய லொறியில் யன்னலுக்குப் பன்னிரண்டு பலகைக் கதவு வந்து இறங்கின, பூட்டுவதற்குப் பிணைச்சலோடு.

பிறகு வீடு கட்டினோம், பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கல்வீட்டில் யார் உடுப்பு மாற்றப் போனாலும், கதவைச் சாத்த முன்னர் என்னைப் பார்த்துக் கத்துவார்கள்: "மாடு வருதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எழும்பிப் போய் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவேன்.