சீர்வரிசையில் நாலு ஜீப் டயர்

கையில் அளவு டேப் வைத்திருக்கிற ஆளை நம்பாதீர்கள். நான் அந்த ஆளாகவே இருந்தவன், அதனால்தான் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஆவடி ராணுவக் கிடங்கில் டயர் பிரிவுக் குமாஸ்தா. எந்த டயரின் நம்பரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (ஒரு டயரையாவது கழற்றி மாட்டியிருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.)

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் என் தங்கை சரோஜாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தாமோதரனுக்குப் பூந்தமல்லியில் அரிசி மில். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து சிவப்பு ரேஸ் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். இரண்டே பேர்தான் உட்காரலாம். உட்கார்ந்தாலும் போக முடியாது. சண்டைக் காலத்தில் டயர் கிடைக்காமல் அது செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. பெண் பார்க்க முகப்பேருக்கு வந்தபோது அவருடைய அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம். எம்புள்ள ஒண்ணே ஒண்ணு கேக்கறான். அந்தக் காருக்கு நாலு டயரு. கட்டிக்கினு அதுலதான் பொண்ணை இட்டாருவானாம்."

எங்கள் அப்பா காலமாகிவிட்டதால் வீட்டுக்கு நான்தான் பெரியவன். "நம்ம டிபார்ட்மெண்டு. வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். கதவுக்குப் பின்னால் சரோஜாவின் வளையல் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காரின் சக்கரம் பத்தொன்பது அங்குலம். அதற்கு ஒல்லியான டயர், நாலரை அங்குல அகலம். மவுண்ட் ரோடு கடையில் கேட்டால், பம்பாயிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றான். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. கிடங்கு ஏலத்திலோ ஜீப் சக்கரங்கள் மலையாய்க் குவிந்திருந்தன. சக்கரம் பதினாறு அங்குலம், டயர் ஆறு அங்குல அகலம், எல்லாம் புத்தம் புதுசு. டேப்பை நீட்டினேன். சின்னச் சக்கரத்தில் தடித்த டயர், பெரிய சக்கரத்தில் ஒல்லி டயர். நிற்க வைத்தால் இரண்டும் ஒரே உயரம்! இதைக் கண்டுபிடித்த முதல் மனிதன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலத்தில் எடுத்து வாசலில் சாய்த்து வைத்திருந்த டயரைச் சரோஜா கைவிரலால் அளந்து பார்த்தாள்.

"ஒசரம் சரிண்ணே. அகலம் ஜாஸ்தியா கீதே. திரும்பறப்போ சக்கரமும் திரும்புமில்ல? இடிக்காதா?"

"அகலமா இருந்தா ரோட்டை நல்லா புடிச்சுக்கும். நீ போயி கொழம்பைப் பாரு" என்றேன். அவள் போய்க் குழம்பைப் பார்த்தாள்.

ஜீப் சக்கரம் காரின் அச்சில் உட்கார அம்பத்தூர்ப் பட்டறையில் தகடு கடைந்து வாங்கினேன். மாப்பிள்ளை நெல் வாங்க வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்துப் பூந்தமல்லிக்குப் போய், செங்கல் மேல் நின்ற காரில் நாலையும் மாட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிவிட்டேன். சர்ரென்று சுற்றின. பரம திருப்தி. ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. (கார் தண்டவாளத்தில் போகும் என்று நினைத்தேனோ என்னவோ.) சீர் என்றால் ஊர் பார்க்க வர வேண்டாமா? மறுபடி கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று நாதஸ்வரம் முன்னால் போக, பழத்தட்டு, தேங்காய்த் தட்டுக்குப் பின்னால் நாலு பேர் தலைக்கு ஒரு டயராகச் சுமந்து வந்தார்கள். டயருக்கெல்லாம் மஞ்சள் குங்குமம், மல்லிகைச் சரம். எவளோ ஒருத்தி அவற்றுக்கு ஆரத்தியும் எடுத்தாள். தாலி கட்டி முடிந்ததும், வைக்கோல் அடைத்த பழைய டயர்களோடு பூந்தமல்லியிலிருந்து மாடு கட்டி இழுத்து வந்திருந்த காரில் புதுச் சக்கரங்களை மாட்டினோம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தோம். சரோஜா பட்டுப்புடவையோடு மாப்பிள்ளை பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஊரே கத்தியது. நான் தோளில் துண்டைத் திருத்திக்கொண்டேன்.

எங்கள் தெரு நேர்த் தெரு. அதன் முடிவில் வயல், அங்கே பாதை வலப்பக்கம் திரும்பும். கார் திரும்பவில்லை. கர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் தீயும் வாடை, அவ்வளவுதான். நேராகப் போய், முந்தின நாள் நட்ட நாற்றில் அச்சு வரைக்கும் இறங்கி நின்றது.

ஓடினோம். யாருக்கும் அடியில்லை. சரோஜா முழங்கால் சேற்றில் நின்றாள். அவளுடைய மாமனார் வரப்பில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"பொண்ணு ஏறின நேரத்தைப் பாத்தீங்களா? மொத அடியே சேத்துல!"

அந்த ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் அவளுடைய ஆயுசுக்கும் போகாது. மில்லில் பட்டை அறுந்தாலும், மாடு செத்தாலும், இவள் வந்த நேரம் என்பார்கள். தப்பு யாருடையது என்று அவளைத் தவிர அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஈரத்துணி மாதிரி நின்றேன்.

அவளே பேசினாள். தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண், மாமனாரை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்.

"நேரம் இல்ல மாமா, டயரு. இங்க பாருங்க, மட்கார்டுல ஒரசி பெயிண்டே போயிடுச்சு. ரெண்டு வெரக்கடை அகலம் ஜாஸ்தி."

மாப்பிள்ளை சேற்றில் குந்தி உட்கார்ந்து அவள் காட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், மாட்டினப்போ ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லே" என்றேன். "அவ அப்பவே சொன்னா. நான்தான் கேக்கலே."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமனாரும் மீசையைத் துடைக்கிற சாக்கில் சிரித்துவிட்டார். சரோஜா எங்கள் மாட்டு வண்டியில் புகுந்த வீடு போய்ச் சேர்ந்தாள். பம்பாயிலிருந்து ஒல்லி டயர் வந்தபோது அவளே நின்று, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் காரைக் கிளப்ப விட்டாளாம். ஜீப் சக்கரங்களை நான் மாட்டு வண்டிக்குப் போட்டேன். மாடுகள் மட்டும் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்திருக்கும்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மனை வாங்கினாலும், மருமகன் பார்த்தாலும், "ஒடிச்சுப் பாத்தியா?" என்று ஒரு குரல் வரும். பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வரப்பில் வாயடைத்து நின்ற அந்த நிமிஷம் வந்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாசம் அவளோடு அம்பத்தூரில் செருப்புக் கடைக்குப் போனேன். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "கச்சிதமா கீது" என்றேன்.

"நின்னா எல்லாம் கச்சிதமாத்தான் இருக்கும்" என்றாள் சரோஜா. "திரும்பி நாலடி நடண்ணே."

திரும்பி நடந்தேன். இடது சுண்டுவிரலில் கடித்தது. கழற்றிக் கொடுத்துவிட்டேன்.