அகராதியில் பாதி வைத்திருந்த அத்தாரிட்டி

கள்ளக்குறிச்சியில் எந்த அதிகாரிக்கும் அஞ்சாத அதிகாரிகள் உண்டு. ஆனால் அத்தாரிட்டிக்கு அஞ்சாத அதிகாரி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

அவர் அதிகாரி அல்ல. நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தின் வாசலில், வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுப்பவர். எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவன் நான்.

சின்னசேலத்துப் பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு தடித்த ஆங்கில அகராதி கிடைத்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஊரில் பிறந்து எப்படி வந்து சேர்ந்தது என்று விளக்கும் அகராதி. எம் என்ற எழுத்தோடு கிழிந்துபோயிருந்தது. அதனால் ஏ முதல் எம் வரை அவரை யாராலும் அசைக்க முடியாது. அதற்குப் பிறகு வரும் சொற்களை அவர் அங்கீகரிப்பதே இல்லை. ஒருமுறை ஏட்டு ஒருவர், "இங்க உக்காந்து டைப் அடிக்க யாருய்யா உனக்கு அத்தாரிட்டி குடுத்தது?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சொல்லின் பிறப்பு வளர்ப்பை நம்மவர் முக்கால் மணி நேரம் சொன்னார். கடைசியில், "போலீஸுன்ற வார்த்தை நம்ம புஸ்தகத்துல இல்ல சார், மன்னிக்கணும்" என்று முடித்தார். ஏட்டு அதன்பின் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார். பட்டப்பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. போகிற வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. ஒரு நாள் காலை வெள்ளிமலைக்காரர் ஒருவர் மகளோடு வந்து நின்றார். முதல் நாளே கிளம்பி மலையிறங்கி நடந்து வந்தவர்கள். பெண்ணுக்குக் கள்ளக்குறிச்சியிலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அங்கே சாதிச் சான்றிதழைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். விண்ணப்பத்தை எங்கள் அதிகாரி இரண்டு முறை திருப்பியிருந்தார். சான்று வழங்கும் அத்தாரிட்டி தானா, தனக்கு மேலே இருப்பவரா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார். பதில் வரவில்லை. அதிகாரியும் அன்று ஆபீசில் இல்லை. மறியலைப் பார்க்கப் போய், கச்சிராயபாளையம் சாலையில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஜீப்போடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"முத்திரை யார்கிட்ட கீது?" என்றார் அத்தாரிட்டி.

"என்கிட்டதாங்க" என்றேன்.

"ஃபைலையும் எடுத்துக்கினு வா."

ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டைப்ரைட்டரைச் சைக்கிள் கேரியரில் ட்யூபால் கட்டி அவர் தள்ள, சட்டைப்பையில் முத்திரையோடு நான் நடக்க, அப்பாவும் மகளும் பின்னால் வந்தார்கள்.

முதல் மரத்தருகே ஒருவர் மறித்தார். "இன்னிக்கு யாரும் போவக்கூடாதுங்க."

"எதுக்கு மரத்தப் போட்டுக்கினு உக்காந்திருக்கீங்க?" என்றார் அத்தாரிட்டி.

"எங்க புள்ளைங்க படிக்க எடம் வேணும்னுதான்."

"இந்தப் பொண்ணும் படிக்கத்தான் போவுது. கையெழுத்து அந்த ஜீப்புல மாட்டிக்கினு கீது."

அவர் பெண்ணின் புழுதி படிந்த காலைப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். இரண்டு பேர் டைப்ரைட்டரைக் கைக்குழந்தை மாதிரி வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

ஜீப்புக்குள் அதிகாரி வியர்த்து உட்கார்ந்திருந்தார். முத்திரையோடு என்னைப் பார்த்ததும் இன்னும் வியர்த்தார். "நான் அத்தாரிட்டியா இல்லையான்னே மேல கேட்டிருக்கேன். நீங்க பாட்டுக்கு வந்து நின்னா?"

"சார், அது லத்தீன் வார்த்தை" என்று ஆரம்பித்தார் நம்மவர். "வேர்ச்சொல்லுக்கு வளர்க்கறதுன்னு அர்த்தம். ஒன்ன வளர்த்துப் பெருசாக்கறவன், புதுசா உண்டாக்கறவன், அவன்தான் அத்தாரிட்டி. தடுக்கறவனுக்கு வேற பேரு இருக்கும். அது எம்முக்கு அந்தாண்ட, எனக்குத் தெரியாது."

"இதெல்லாம் ரூல்ல இருக்கா?"

"ரூலும் எம்முக்கு அந்தாண்டதாங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. பெண்ணிடம் திரும்பினார். "டீச்சராகி இன்னாம்மா பண்ணப்போற?"

"எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கு மழை வந்தா வாத்தியாரு வர்றதில்லைங்க. நான் அங்கயே இருப்பேன்."

அவர் ஃபைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். விசாரணை அறிக்கையில் குறையொன்றும் இல்லை. "அடிங்க" என்றார்.

கொதிக்கிற ஜீப் பானட்டில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் டைப்ரைட்டரை வைத்து, ஒரு பிழையில்லாமல் அடித்தார் அத்தாரிட்டி. அதிகாரி கையெழுத்திட்டார். மை காய்ந்திருந்த முத்திரையை வாயால் ஊதி ஊதி ஈரமாக்கிக் குத்தினேன். பெண் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். பயிற்சிப் பள்ளிக் கதவை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மேலிடத்திலிருந்து பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. எங்கள் அதிகாரியே அத்தாரிட்டி என்று இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நீண்ட நேரம் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் யாருக்கோ மனு நகல் கேட்டு அத்தாரிட்டி ஆபீசுக்குள் வந்தார். என்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர் திடுக்கிட்டு, பின்னால் எந்த அதிகாரி வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார்.

"யாரும் வரலைங்க" என்றேன். "நீங்க உக்காருங்க."