நீல போனுக்கு முப்பத்தெட்டு மார்க்

புதுக்கோட்டையில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். எங்கள் கம்பேர் சாரைக் கேட்டு வாங்கியவர்கள் ஒரு வகை. கேட்காமல் வாங்கிவிட்டு, போகிற வீட்டிலெல்லாம் முதலில் சார்ஜ் போட இடம் தேடுகிறவர்கள் இன்னொரு வகை.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது; எதையும் இன்னொன்றோடு ஒப்பிட்டே பேசுவதால் மற்ற எல்லோருக்கும் அவர் கம்பேர் சார்தான். எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த பிரிவில் தபால் பார்ப்பவர். கல்யாணம் ஆகாதவர். பெண் பார்க்கப் போன இடங்களிலும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டவர்கள் யாரும் நம்பாமல் போனதில்லை.

கடைக்காரர்கள் சொல்லும் ராம், மெகாபிக்ஸல் எல்லாம் அவர் காதில் ஏறாது. அவர் வைக்கும் பரீட்சைகளே வேறு. ஓடும் பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரல் எல்லா எழுத்துக்கும் எட்டுகிறதா? பஸ் ஸ்டாண்டு உச்சி வெயிலில் திரை தெரிகிறதா? மனுவைப் படம் எடுத்தால் மை காய்ந்த ரப்பர் ஸ்டாம்பின் தேதியைப் படிக்க முடிகிறதா? குனிந்து ஃபைல் எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து நழுவுகிறதா? இந்தக் கடைசிப் பரீட்சைக்காக அவர் ஒரே நாளில் நாற்பது முறை குனிந்ததைப் பார்த்த புது அதிகாரி, இவ்வளவு பணிவான ஊழியரைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று நெகிழ்ந்துபோனார்.

எல்லாம் ஒரு நீள நோட்டில், நடுவே கோடு போட்டு எழுதப்படும். ஒரு போனுக்கு ஒரு மாதம். அவர் தீர்ப்புச் சொல்வதற்குள் அந்த மாடலே கடையில் தீர்ந்துபோயிருக்கும்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் நின்றதற்குக் காரணம் என் அப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா போன பிறகு திருமயம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தார். டவுனுக்கு வரமாட்டேன் என்றார். போனையும் எடுக்கமாட்டார். நல்லாத்தானே இருக்கிறேன், அதைச் சொல்ல எதற்குப் போன் என்பது அவர் கட்சி. ஒருமுறை கிணற்றடியில் வழுக்கி விழுந்தது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. மறுபடி விழுந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பேர் சார் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அப்பா எடுக்குற போன் எதுவோ, அதுதாங்க மேடம் நல்ல போன். ஐயாவே டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டும்."

அந்த ஞாயிறே அப்பாவுக்கென்று நான் வாங்கிய நீல போனையும் தன்னிடம் உபரியாக இருந்த கறுப்பு போனையும் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். தினமும் காலை பத்து மணிக்கு ஒருநாள் நீலத்துக்கும் ஒருநாள் கறுப்புக்கும் கூப்பிடுவதாகவும், சத்தம், தெளிவு, எடுக்கிற வசதி மூன்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு மார்க் போடவேண்டும் என்றும் அப்பாவிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டார். யாரிடம் மார்க் கேட்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. வகுப்பில் முதலாவதாக வருகிற பையனுக்கே அறுபதைத் தாண்டாத கை அது. பெற்ற மகளான எனக்கு ஐம்பத்தெட்டு.

மறுநாள் அப்பா சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கே தயாராக உட்கார்ந்துவிட்டாராம். நான் கூப்பிட்டால் எடுக்காத மனிதர், பரீட்சை என்றதும் முதல் மணியிலேயே எடுத்தார். நீலத்துக்கு முப்பத்தெட்டு, கெட்டிக்காரன், ஆனால் கவனம் போதாது என்று ஒரு குறிப்பு. கறுப்புக்கு முப்பத்தேழு, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறான். சார் அதையெல்லாம் எழுதிக்கொண்டு, இன்றைக்கு என்ன சமையல், முழங்கால் வலி எப்படி என்றும் விசாரிப்பார். பேச்சு நீண்டால்தான் தெளிவு தெரியுமாம்.

மாதத் தேர்வு முடிந்தது. காலாண்டு, அரையாண்டு முடிந்தது. முழு ஆண்டுத் தேர்விலும் வித்தியாசம் ஒரே ஒரு மார்க். உடனே மறுதேர்வு அறிவித்தார்கள். ஏதாவது ஒன்றை முடிவு பண்ணுங்களேன் என்று நான் சொன்னால், அவசரப்படக் கூடாது என்று இருவரும் தனித்தனியாக என்னைக் கடிந்துகொண்டார்கள். எனக்கென்ன, தினமும் பத்து மணிக்கு அப்பாவின் குரல் ஒருவர் காதில் விழுகிறது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை சார் அலுவலகத்துக்கு வரவில்லை. பத்தேகாலுக்கு என் போன் அடித்தது. அப்பா. அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த ஃபைலை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன்.

"எனக்கு ஒன்னுமில்லம்மா. அந்த சார் இன்னும் கூப்புடல. என்னன்னு போயிப் பாரு."

தேர்வு ஒருநாள் தள்ளிப்போனால் என்னப்பா என்றேன்.

"தேர்வாவது ஒன்னாவது. ரெண்டு போனும் ஒன்னுதான்னு மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. அவரு தனியாளும்மா. பேச்சுத்தொணைக்குத்தான் கூப்புடுறாரு. நான் மார்க் போட்டு முடிச்சுட்டா அப்பறம் யாருகூடப் பேசுவாரு?"

ஆட்டோ பிடித்து அவர் அறைக்குப் போனேன். காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தார். ஊருக்கே போன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. கண்ணைத் திறந்ததும் மணி என்ன என்றார். பதினொன்று என்றதும் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். பரீட்சையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் சார் என்று படுக்கவைத்தேன்.

"பரீட்சையெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சுங்க மேடம். ரெண்டும் ஒன்னுதான். ஐயா பேச ஆளில்லாம இருக்காரேன்னுதான் இழுத்துக்கிட்டு இருக்கேன். அவர்கிட்ட சொல்லிறாதீங்க."

சொல்லவில்லை. அப்பா சொன்னதை இவரிடமும் சொல்லவில்லை. கஞ்சியும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்து, போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன். கம்பேர் சாரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை சார் வேலைக்கு வந்தார். பத்து மணிக்கு அடுத்த பிரிவிலிருந்து, "ஐயா, தெளிவா கேக்குதுங்களா?" என்று குரல் வந்தது. நான் ஃபைலை மூடிவைத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.