மூன்று மந்திரத்தில் முடிந்த என் பந்தாட்ட உத்தியோகம்

கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு வலைக்குப் போனவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர் வங்காலையில் சம்பளத்துக்குப் பந்தடிக்க இருந்த ஒரே ஆள் நான்தான். (இருந்த என்றுதான் சொன்னேன், அடித்த என்று சொல்லவில்லை.)

அப்போது தலைமன்னார் இறங்குதுறையில் அவுஸ்திரேலியத் துரை ஒருவர் இருந்தார். அவருடைய நாட்டுப் பந்து இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். உதைக்கலாம், கையில் பிடித்துக்கொண்டும் ஓடலாம். ஓடும்போது இடைக்கிடை நிலத்தில் குத்தி எடுக்க வேண்டும். எங்கள் மணலில் குத்தினால் அது முட்டையிட வந்த ஆமைபோலப் படுத்துவிடும். குனிந்து நிலத்தில் தொட்டால் போதும் என்று துரை இறங்கி வந்தார்.

கொழும்பில் கப்பல்காரரோடு விளையாட அவருக்கு ஒரு நடு ஆட்டக்காரன் தேவைப்பட்டது. மைதானத்தின் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் ஓடிப் பந்தைக் கொண்டுபோகிறவன். வங்காலைக்கும் பக்கத்து முஸ்லிம் ஊரான தாராபுரத்துக்கும் ஓர் ஆட்டம் வைத்தார். வெல்லும் பக்கத்து நடு ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம்.

என் தாய்மாமன் பிலிப்பு அம்மான் சொல்லிவிட்டார்: “மாதச் சம்பளக்காரனுக்குத்தான் என்ர திரேசாவைக் குடுப்பன்.” மற்றவர்கள் பந்துக்காக ஓடினார்கள், நான் கலியாணத்துக்காக ஓடினேன்.

தாராபுரத்தின் நடு ஆட்டக்காரன் காசிம். மீன் ஏலத்தில் தினமும் சந்திக்கும் சிநேகிதன். அன்று நண்டுபோல என்னைக் கவ்விக்கொண்டு திரிந்தான். பொழுதுபடும்போது தொழும் மஃரிப் தொழுகைக்கு முன் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று தாராபுரத்தார் கேட்டிருந்ததால், துரை மணிக்கூடும் விசிலுமாக நின்றார்.

கடைசி நேரம். நாங்கள் நாலு புள்ளி பின்னால். அவர்களுடைய எல்லைக்கோட்டின் நடுவில் நட்ட இரண்டு பாய்மரங்களுக்கு இடையால் உதைத்தால் ஆறு புள்ளி. பந்து என் கையில் வந்து விழுந்தது. காசிம் சறுக்கி விழுந்தான். முன்னால் யாருமே இல்லை.

“அடியடா சந்தியோகு! அடி!” அம்மானின் குரல் கடல்வரை கேட்டது.

காலைத் தூக்கினேன். கோயில் மணி அடித்தது.

வங்காலையில் அந்தி மணி கேட்டால் வலை இழுப்பவனும் கயிற்றோடு அப்படியே நிற்பான். மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தை மூன்று முறை சொல்லி முடித்த பிறகுதான் அசைவான். தூக்கிய கால் தானாக இறங்கியது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிச் சிலுவை போட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் நட்ட கம்பமாக நின்றார்கள்.

காசிம் எழுந்து ஓடி வந்தான். கை நீட்டினால் பந்து அவனுடையது; வேலையும் அவனுடையது.

“நீ ஓதி முடி மச்சான், நான் தொடமாட்டன்,” என்றான் மூச்சிரைக்க. “ஆனாக் கெதியா ஓது!”

துரை மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பாஷையில் என்னவோ கத்தினார். முதல் மந்திரம் முடிந்தது. இரண்டாவதில் நாக்குத் தடுமாறி, திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன். (சம்பளம் போகிற நேரத்தில்தான் எனக்குப் பக்தி கூடியது.) காசிமுக்கே பொறுக்கவில்லை, “இன்னும் எவ்வளவு இருக்கு?” என்றான். மூன்றாவதற்கு ஆமென் சொல்லிக் காலைத் தூக்கினேன்.

விசில் ஊதிவிட்டது.

அதற்குப் பிறகு உதைத்த பந்து இரண்டு பாய்மரங்களுக்கும் நட்டநடுவால் போனது. அப்படி ஒரு அடி என் வாழ்நாளில் அடித்ததில்லை. யாரும் அதைப் புள்ளியில் சேர்க்கவில்லை.

அம்மான் பாய்ந்து வந்தார். “மூண்டு பிரியதத்தத்தை ஓடிக்கொண்டே சொல்லேலாதோடா?”

“நீங்களும் நிண்டனீங்கள்தானே, அம்மான்?”

“என்ர கையில பந்து இருந்ததோடா?”

காசிம் சம்பளத்துக்குப் போனான். நான் வலைக்குப் போனேன். வேறு சம்பளக்கார மாப்பிள்ளை ஒருவரும் அகப்படாததால்தான் (அம்மான் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்) திரேசாவை எனக்குத் தந்தார். கலியாணத்தன்று, “சம்மதமா?” என்று சுவாமியார் கேட்டபோது, கோயில் நிறைந்த சனத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து அம்மானின் குரல்:

“கெதியாச் சொல்லடா, விசில் ஊதப் போறாங்கள்!”

சுவாமியாரே சிரித்துவிட்டார். இப்போதும் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை அந்த இடத்தில் தயங்கினாலும், திரேசா என்னைப் பார்த்துக்கொண்டு வாயைக் குவித்து மெதுவாக விசில் அடிக்கிறாள்.

எழுதியது: 1947 தை (சனவரி) 6, மூன்று இராசாக்கள் திருநாள்.