தர்மிளாவின் பனிச்சறுக்குச் சூட்டை ஒரு அங்குலம் தளர்த்திய விபரம்

லா சப்பல், பாரிஸ்
பெப்ரவரி 17

மதிப்புக்குரிய பெரியண்ணைக்கு,

தங்கை ஞானமலர் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கு சுகம். நீங்களும் அண்ணியும் ஹரோவில், இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்வரைக்குமாவது, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் வாசிக்க முன்னரே ரொறன்ரோவில் சித்தப்பா வாசித்துவிடுவார்.

விஷயம் உங்கள் மகள் தர்மிளாவின் சம்மதப் பத்திரம். அவளுக்குப் பதினேழு வயது என்பதால், வருகிற பனிக்காலமும் பிரித்தானிய இளையோர் பனிச்சறுக்கு அணியில் இருக்க உங்கள் கையெழுத்து வேண்டும். பிரெஞ்சு மலையில் நடக்கும் இந்த ஓட்டத்தில் முதல் முப்பது பேருக்குள் வந்தால் வைக்கிறேன், இல்லாவிட்டால் படிப்பைப் பார்க்கட்டும் என்று சொன்னீர்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பிள்ளை கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, சறுக்குப் பலகைகள் அடைத்த ஸ்கீ பை அவளைவிட உயரம். ஒரு ஆளுக்கு நாலு சோடி ஸ்கீ. பை எங்கள் லிஃப்டுக்குள் நுழையவில்லை. ஐந்தாம் மாடிவரைக்கும் முன்னுக்கு அவளும் பின்னுக்கு நானுமாகத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துக் கீழ்வீட்டு மதாம் சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு குசினி மேசையில் ஸ்கீயைக் கவிழ்த்து வைத்து, மெழுகை உருக்கி, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தாள். மூன்று நாள் எங்கள் புட்டில் மெழுகுதிரி மணத்தது. இங்கிலாந்தில் சறுக்கத் தக்க மலை இல்லாததால் இவர்கள் பழகுவது பிளாஸ்டிக் மயிர் விரித்த ஒரு சரிவிலாம். பல்லுத்தேய்க்கும் பிரஷ்ஷில் சறுக்கிப் பழகிவிட்டு, தொட்டிலிலிருந்தே பனியில் உருண்ட ஒஸ்ரியாக்காரியோடு போட்டிக்குப் போகிறார்கள். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாமல் அகதி அலுவலகத்தில் வரிசைக்கு நின்ற நான் அதைப் பார்த்துச் சிரிப்பது சரியில்லை.

அப்போதுதான் நீங்கள் போன் எடுத்தீர்கள். "மலர், அவள் ஓட்டத்துக்குப் போடுற அந்த உடுப்பு தோலோடை ஒட்டின மாதிரிக் கிடக்கு. போன வருசப் படத்தைக் கோயிலிலை ஆரோ எனக்கே காட்டினவை. அவளுக்குச் சொல்லாமல் ஒரு அங்குலம் லூசாக்கிவிடு." நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். தளர்ந்த உடுப்பு காற்றைப் பிடிக்கும் என்று சொன்னேன். "பிடிச்சால் கொஞ்சம் மெதுவாப் போவாள், அதுவும் நல்லதுதானே" என்றீர்கள். உங்களோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. ரூ காய் தெருவில் சாறிச் சட்டை தைக்கிற தவரத்தினம் அண்ணையிடம் அந்த ஓட்டச் சூட்டைக் கொண்டுபோனேன்.

அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தங்கச்சி, இதுக்குள்ளை ஆள் எப்பிடிப் போறது?"

"போவாள் அண்ணை. ஒரு அங்குலம் விட்டுத் தாங்கோ."

"விடத் துணி எங்கை கிடக்கு? பக்கத்திலை பட்டி வைச்சுத்தான் தைக்கவேணும். என்ன கலர்?"

"கறுப்பே வையுங்கோ. சரிகை வேண்டாம்."

அடுத்த நாள் எடுக்கப் போனால் மனுசனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கணுக்காலடியிலை, கடைக்காரர் களவு போகாமல் இருக்கப் போடுற பூட்டொண்டு கழட்டாமல் கிடந்தது. பிள்ளை எந்தக் கடைக்குள்ளை போனாலும் வாசல் கத்தும். வெட்டி எறிஞ்சிட்டன்" என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தனிய விடாதே என்று நீங்கள் சொன்னபடியால் லீவு போட்டிட்டு மலைக்கும் போனன். காலமை உடுக்கேக்கை, "மாமி, நான் மெலிஞ்சிட்டனோ?" எண்டு கேட்டாள். "ஓம், ஒழுங்காச் சாப்பிடு" எண்டன். ஜாக்கெட் பிடிக்க ஆள் வேணுமெண்டு என்னையும் மேலை கூட்டிக்கொண்டு போனாள், அங்கை ஓட்டம் துவங்கிற இடத்திலை ஒரு உத்தியோகத்தர் ஒவ்வொரு பிள்ளையின்ரை கணுக்காலையும் குனிஞ்சு பார்க்கிறார், இவளின்ரையைப் பார்த்தார், மற்றக் காலையும் பார்த்தார், பிறகு நிமிந்து என்னைப் பார்த்தார். அது கடைப் பூட்டு இல்லை அண்ணை. துணிக்குள்ளாலை காத்துப் போகுதோ எண்டு அளந்து பார்த்துப் போடுற முத்திரை. அது இல்லாட்டி ஓடேலாது. தர்மிளா இடுப்பைத் தடவிப் பார்த்திட்டு, "மாமி, என்ரை சூட்டுக்கு ஆர் பட்டி வைச்சது?" எண்டாள். அவள் இவ்வளவு சுத்தமாத் தமிழ் கதைச்சு நான் முந்திக் கேட்டதில்லை. நான்தான் எண்டன். உங்கடை பெயரைச் சொல்லேல்லை. ரெண்டு நிமிசம் கழிச்சுச் சொன்னன்.

பயிற்சியாளர் ஜோனத்தான் வானத்தைப் பார்த்து நீளமா ஒரு மூச்சு விட்டார். ஆங்கிலேயர் கத்துறது அப்பிடித்தானாம். பக்கத்திலை நிண்ட இங்கிலீசுப் பிள்ளை ஒண்டு, அதே அணியிலை அதே இடத்துக்கு இவளோடை போட்டி போடுறது, தன்ரை பையிலை கிடந்த, முத்திரை உள்ள மற்ற சூட்டை எடுத்துக் குடுத்தது. ரெண்டு அளவு சின்னன். நான் என்ரை கோட்டை விரிச்சு மறைக்க, ரெண்டு பேர் சேந்து பிள்ளையை அதுக்குள்ளை அடைச்சினம். நீங்கள் கோயிலிலை பார்த்த உடுப்பு இதுக்கு முன்னாலை சுரிதார்.

இருபத்தெட்டாவதா வந்தாள் அண்ணை. கீழை நிண்டு நான் கத்தின கத்திலை தொண்டை இன்னும் திறக்கேல்லை.

சனம் என்ன சொல்லும் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் பார்த்த வேலையிலை பிள்ளையின்ரை ஒரு வருச உழைப்புப் போகப் பார்த்தது. அவளுக்கு என்ன வேணுமெண்டு அவளுக்குத் தெரியும். பெரியாக்கள் மறைவிலை தலையிடுறதை இண்டையோடை விடுவம். அவள் என்னட்டைத் தந்த பத்திரத்தை இதோடை வைக்கிறன். யோசிக்காமல் கையெழுத்து வையுங்கோ.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோ குறையட்டும். கடவுளை நான் அதிகம் கரைச்சல்படுத்துவதில்லை. உங்கள் எல்லோருக்காகவும் இந்த முறை கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை இனிக் கேட்காத தங்கை,
ஞானமலர்

பி.கு.: பத்திரத்தை மடிக்கேக்கைதான் பின்பக்கத்தை வாசிச்சன். வாற வருசம் டவுண்ஹில் எண்ட ஓட்டமும் ஓடவேணுமாம். அதிலை வளைவு குறைவு, கிட்டத்தட்ட நேரே கீழை, மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலை. அவளின்ரை நிறையையும் போட்டு, விழுந்தால் என்ன விசையோடை விழுவாள் எண்டு கணக்குப் பார்த்தன். ரெண்டு தரம் பார்த்தன். பத்திரம் இதுக்குள்ளை இல்லை, தேடாதையுங்கோ. தபாலிலை போட்டிட்டன் எண்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறன். கேட்டால் வரேல்லை எண்டு சொல்லுங்கோ.