விளக்கு அணைந்திருந்தது உனக்கு எப்படித் தெரியும்?

ஒரு சினிமாப் படத்தைப் பற்றி என் வாழ்நாளில் ஒரே ஒரு தரம்தான் நான் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறேன். அதையும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. ஒரு வசனம், அதிலும் முக்கால் பங்கு. அந்த முக்கால் வசனத்தோடு என் ஆசிரியர் கலாசாலைக் கனவு முடிந்தது. அதே படத்தைப் பற்றி அந்த மாதம் கல்முனையில் ஆண்கள் கதைத்த கதையை எழுதி வைத்தால் ஒரு கொப்பி போதாது. அதனால் அவர்களில் ஒருவருக்காவது ஒரு நேரச் சோறு பிந்தியதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (இதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.) வாப்பா வயல்காரர், எழுதத் தெரியாது. உம்மாவுக்கு ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. உம்மாவின் காக்காவான என் தாய்மாமா, புடவைக் கடை நடத்துவதற்காகத் தன் பெயரை மட்டும் எழுதப் பழகியவர். அவர் எங்கள் குடிக்கு மரைக்கார். பள்ளிவாசலில் எங்கள் குடிக்காக உட்காருபவர் அவர். கலியாணமோ, வழக்கோ, பெண் பிள்ளையின் படிப்போ, அவர் ஓம் என்றால்தான் ஓம்.

கடையின் மதிப்புக்காக மாமா கொழும்புப் பத்திரிகை ஒன்று எடுப்பார். மறுநாள் அது புடவை சுற்றுவதற்கு முன் என்னிடம் வந்துசேரும். அதில்தான் அந்தப் படத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். துப்பறியும் படம். இப்படி ஒன்று தமிழில் இதுவரை வந்ததில்லை, முடிவை நாங்கள் சொல்லமாட்டோம், இது சிந்திக்கத் தெரிந்தவர்களுக்கான படம் என்றெல்லாம் இருந்தது. சிந்திக்கத் தெரிந்தவர்கள் என்ற இடத்தில் என் பெயரைப் போட மறந்துவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன்.

கொஞ்ச நாளில் படம் எங்கள் ஊர்த் தகரக் கொட்டகைக்கே வந்தது. வந்த முதல் நாளே ஊர் இரண்டாகப் பிரிந்தது. கதை இதுதான். ஒரு பணக்காரர் மழை நாளில் தன் அறையில் குத்திக் கொல்லப்படுகிறார். சொத்துக்கு உரியவள் அவருடைய மகள். அவளுக்குப் பொறுப்பாக இருப்பவர் தாய்மாமன். சந்தேகமெல்லாம் கார்ச் சாரதி மேல். கொன்றது சாரதிதான் என்று பாதி ஊர் சொன்னது. இல்லை, மாமன்தான் என்றது மற்றப் பாதி. படமே பைத்தியக்காரத்தனம், தலையிடிதான் மிச்சம் என்று சொன்னவர்களும் இரண்டு பாதியிலும் இருந்தார்கள். எங்கள் வேலிக்கு அப்பால் சைக்கிளை நிறுத்திவிட்டு இதைக் கதைத்தார்கள். சந்தையில் மீன் நாறும்வரை நின்று கதைத்தார்கள்.

என் மாமா சாரதிக் கட்சி. கொட்டகைக்குப் போகிறவர்களின் காலை முறிக்க வேண்டும் என்று பள்ளிவாசலில் சொன்னவர், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு போய் முதல் வகுப்பில் இருந்து பார்த்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். துவாய்க்குள் இருப்பது யார் என்று கேட்கிற ஆள்தான் ஊரில் இல்லை.

எனக்கோ ஆத்திரம். கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் கொன்றவன் யார் என்று தெரியாமல் சண்டை பிடிக்கிறார்களே! இது படிப்பில்லாத குறை என்று முடிவுகட்டினேன். படித்த ஒருத்தி போய்ப் பார்க்க வேண்டியது கடமை என்றும் தோன்றியது.

சனிக்கிழமை பிற்பகல் பெண்களுக்கென்று ஒரு காட்சி வைத்தார்கள். என்னோடு படித்த கிறேஸ் வீட்டுக்குப் போய்க் கலாசாலை விண்ணப்பம் நிரப்பப் போவதாக உம்மாவிடம் சொன்னேன். (பொய் இல்லை. அதையும் நிரப்பினோம்.) கிறேஸின் சேலையைக் கட்டி, முக்காட்டைக் கழற்றி, குடையைப் பிடித்துக்கொண்டு கிறேஸோடு கொட்டகைக்குப் புறப்பட்டேன். கிறேஸின் அம்மா என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப பாத்தா எங்கட கோயில்ல பாட்டுப் படிக்கிற பிள்ளை மாதிரித்தான் இருக்காய்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொட்டகைக்குள் அடுப்புப் போல வெக்கை. எனக்குப் பக்கத்தில் பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு அக்கா கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். படம் தொடங்கிக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, "இந்த மாமன்காரன்ட முழி சரியில்ல. இவன்தான்" என்றார்.

நான் மெல்லச் சிரித்து, "இல்ல அக்கா, இது யோசிச்சுப் பாக்கிற படம். சாரதியக் கவனியுங்க" என்றேன்.

"நீங்க யோசிங்க தங்கச்சி. நான் கச்சான் தின்னுறன்."

கடைசியில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, கொலை நடந்த நேரம் முதலாளி புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார் என்கிறார். மாமன் சிரித்துக்கொண்டே, "இருட்டிலா வாசித்தார்? அறையில்தான் விளக்கு அணைந்திருந்ததே!" என்கிறான். இன்ஸ்பெக்டர் திரும்பி, "விளக்கு அணைந்திருந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். குத்துக்குச் சற்று முன் மழைக் காற்றில் அணைந்த விளக்கை, ஆட்கள் ஓடி வருவதற்கு முன்பே வேலைக்காரி திரும்பவும் கொளுத்திவிட்டாள். அவளைத் தவிர இருட்டைக் கண்டவன் கொன்றவன் மட்டும்தான். அவன் வாயாலேயே அவன் மாட்டினான்.

பிறகு கச்சான் அக்கா தோலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "இதச் சொல்ல ரெண்டரை மணித்தியாலமா?" என்றார். நான் பத்திரிகையில் எழுதியவர் பக்கம் நின்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சாரதி இல்லையென்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்று கிறேஸிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் நல்ல பெண். கேட்டுக்கொண்டு வந்தாள்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். அதில் கடைசிக் கோட்டில் தகப்பன் அல்லது பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும், எழுதத் தெரியாவிட்டால் பெருவிரல் அடையாளம் போதும் என்று இருந்தது. வாசித்துக் காட்டியதும் வாப்பா தன் விரலை வேட்டியில் துடைத்தார்.

"அப்ப என்ட விரல் காணும்தானே, மகள்?"

"வேணாம் வாப்பா. கொழும்புக்குப் போற கடிதம். மாமாட கையெழுத்தெண்டால் மதிப்பா இரிக்கும்."

வாப்பா விரலை மறுபடி துடைத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கூடவே அவருடைய மகன் காசிம் மச்சான். உம்மா நெய்ச்சோறு ஆக்கி, கோழியும் அறுத்தது எல்லாம் மாமாவின் கையெழுத்துக்காகத்தான். ஆண்கள் மூவரும் ஒரே பெரிய சகன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். உம்மாவும் நானும் வழக்கம்போல நடு அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம்.

சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்ட பிறகு மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விண்ணப்பத்தை மேசையில் விரித்து, பேனையை எடுத்தார். மாமா கையெழுத்து வைப்பது வயல் உழுவது போல. ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கிக்கொள்வார். முதல் எழுத்து விழுந்தது. இரண்டாவது எழுத்துக்கு மூச்சு வாங்கும்போதுதான் காசிம் மச்சான் அந்தக் கதையை எடுத்தார்.

"வாப்பா, நீங்க என்ன சொன்னாலும் மாமன்தான் செஞ்சான்."

"போடா! ஒரு தாய்மாமன் அப்படிச் செய்வானா? பொறுப்பா நிண்டு வளத்தவன். ட்ரைவர்தான் செஞ்சான். படம் எடுத்தவனுக்குத்தான் அதத் தெளிவாக் காட்டத் தெரியல்ல."

"காட்டல்லதான். ஆனா மாமன்ல சந்தேகம் இரிக்கி."

"சந்தேகத்துக்கு ஆளத் தூக்குவியா நீ?"

திரைக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தெளிவாகக் காட்டியும் விளங்காத இரண்டு பேர்! அதில் ஒருவர் என் விண்ணப்பத்தில் கையெழுத்திடுகிறவர்! (அந்த இடத்தில்தான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் நான் எஸ்.எஸ்.சி. பாஸ்.)

"மாமன்தான், மாமா. அவன் விளக்கப் பத்திக் கதைச்சுத்தானே மாட்டின..."

அவ்வளவுதான். பேனை நின்றது. உம்மா என் கையைப் பிடித்து நுள்ளினா. தோல் விரலோடு வந்துவிடும் போலிருந்தது.

காசிம் மச்சான்தான் முதலில் கதைத்தார். "என்ன விளக்கு?"

மச்சான் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"படத்தில விளக்கு ஒண்டும் வரல்லியே, வாப்பா. முதல் நாளே கடைசிச் சுருள்ல ஒரு துண்டு எரிஞ்சி போயிற்று. மறுகா எல்லா நாளும் அந்த இடத்தில தாவித்தான் ஓடின. மனேச்சரிட்ட நானே கேட்ட. புதுத் துண்டு சனிக்கிழமை பகல்தான் மட்டக்களப்பிலரிந்து வந்திச்சாம். வந்து ஒருக்காத்தான் ஓட்டின. அண்டைக்கே படம் கழண்டு போயிற்று."

"எந்த ஷோவுக்கு ஓட்டின?" என்று மாமா கேட்டார். குரல் மெதுவாக இருந்தது.

"பொம்பளைகள்ற ஷோவுக்கு."

இன்ஸ்பெக்டர் இதைவிட நன்றாகக் கேட்டிருக்க முடியாது. முந்திய சனிக்கிழமை எந்தக் காட்சியைப் பார்த்து, என்ன அறிவுள்ள கதை என்று நான் வியந்தேனோ, அதே காட்சியில் நானே போய் நின்றேன். வித்தியாசம் ஒன்றுதான். அவன் ஒரு ஆளைக் கொன்றிருந்தான்.

"சனிக்கிழமை எங்க புள்ள போன?"

"கிறேஸ் வீட்ட, மாமா. விண்ணப்பம் நிரப்ப."

"முக்காட்டோடயா?"

மாமா பேனையை மூடினார். கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "இஞ்ச இரிக்கக்குள்ளயே இப்பிடி எண்டால், கலாசாலைக்குப் போனால் என்னகா நடக்கும்?" என்று உம்மாவைப் பார்த்துக் கேட்டார். உம்மா அழுதா. துவாயைப் பற்றிச் சொல்ல என் நாக்கின் நுனிவரை வந்தது. அன்றைக்கு என் நாக்கு செய்த ஒரே புத்தியான காரியம், அதைச் சொல்லாமல் விட்டதுதான். சொல்லியிருக்கலாமோ என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன். எப்படியும் இழந்ததைத்தானே இழந்திருப்பேன்.

அவர்கள் போன பிறகு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வாப்பாவிடம் போனேன். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தால் போதும், இன்னும் நேரம் இருக்கிறது, விரல் அடையாளம் வைத்தாலும் எடுப்பார்கள் என்றேன். வாப்பா தன் பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாட கையெழுத்துக்கு மேல என்ட விரல எப்பிடி வெக்கிற, மகள்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துக் கதைத்திருப்பேன்.

அந்த வருடம் கிறேஸ் கலாசாலைக்குப் போனாள். இன்றைக்கு அவள் பயிற்றப்பட்ட ஆசிரியை. நான் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடசாலையில் பயிற்சி இல்லாத உதவியாள். பாலர் வகுப்புக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். மாமாவின் ஒற்றை எழுத்து விழுந்த அந்த விண்ணப்பம் என் கொம்பாசுப் பெட்டிக்குள் எட்டாக மடிந்து கிடக்கிறது.

எங்கள் வீட்டில் அது இப்போது பெரிய பகிடி. அகப்பை காணாமற் போனாலும், கோழி முட்டையிட்ட இடம் தெரியாவிட்டாலும், "அவளக் கேளுங்க, விளக்கு அணைஞ்ச கதை அவளுக்குத்தான் தெரியும்" என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த விளக்கு என்ன விளக்கு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் முக்கால் வசனம்தானே சொன்னேன்.

எல்லோரையும்விட அதை அறிய ஆசைப்படுகிறவர் மாமாதான். முதல் இரண்டு வருடம் கௌரவம் விடவில்லை. மூன்றாம் வருடம் ஹஜ்ஜுப் பெருநாளன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மென்றபடி, திரைச்சீலைப் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"புள்ள, அந்தப் படத்தில... விளக்கப் பத்தி அவன் என்னதான் சொன்னான்?"

ஒவ்வொரு பெருநாளைக்கும் கேட்கிறார். போன பெருநாளைக்கு, கலாசாலைக்கு இந்த முறை எழுதிப் போடு, கையெழுத்து வைக்கிறேன் என்றும் சொன்னார். விண்ணப்பிக்கும் வயது எனக்கு அதற்கு முந்திய மாதம்தான் முடிந்திருந்தது. உம்மா இன்னும் என் கையை நுள்ளுகிறா. மற்றவர்கள் சிரிப்பதற்குத் தயாராக இருக்கிறார்கள், ஏனென்றால் நான் என்ன சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் மரியாதையாக, ஒவ்வொரு முறையும் ஒரே மறுமொழிதான் சொல்கிறேன்.

"அது பொம்பளைகள்ற ஷோ, மாமா."